எண்பத்து மூன்று

ஆவண அறையில் ஏர்கோன் பதினெட்டில் நிற்கிறது.
ரிமோட் தொலைந்து மூன்று வருடமாம்.
பெட்டி பெட்டியாய் ஒப்புதல் படிவங்கள்,
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் சர்க்கரைக் கால்கள்.

என் அட்டவணையில்
கையெழுத்தா கைநாட்டா,
எந்த மொழியில் விளக்கினார்கள்,
யார் மொழிபெயர்த்தது,
முப்பதாம் நாள் புண் எப்படி.
புரிந்து சம்மதித்தவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறுகிறதா
என்பது என் ஆய்வு.
சின்னக் கேள்வி என்றார் டாக்டர் ஊய்.
பாராட்டாகத்தான்.

மகன். மகன். மருமகள்.
பக்கத்துக் கட்டில்காரர்.
தரை துடைக்க வந்தவர், பெயர் எழுதவில்லை.
மகள், வயது பதினொன்று.
வெறும் கோடு.
மகன்.

எண்பத்து மூன்றில் கையெழுத்து தமிழில்.
அமிர்தவல்லி என்று முழுசாக.
கட்டம் போதாமல்
'ல்லி' கோடு தாண்டிப் போய்
அடுத்த கட்டத்தில் இருந்த பெயரை இடிக்கிறது.
அந்தப் பெயர் என்னுடையது.

போன வருடம், ராத்திரி ஒன்றே முக்கால்.
வார்டு ஓரத்தில் ஆறிப்போன மைலோவோடு நின்றிருந்தேன்.
தமிழ் தெரியுமா என்று கத்தினார்கள்.
தெரியும் என்றேன்.
அதைச் சொல்வதில் எனக்கு அன்று அத்தனை சந்தோஷம்.

சர்ஜன் சொன்னார், ஆங்கிலத்தில்:
கருத்த விரலை எடுப்போம்,
கிருமி ஏறியிருந்தால்
முழங்காலுக்குக் கீழே வரைக்கும் எடுக்க நேரலாம்.

நான் சொன்னேன்:
"கால் விரல எடுப்பாங்கம்மா.
தேவைப்பட்டா இன்னும் கொஞ்சம் மேல."

பொய் இல்லை.
தமிழில் பாதமும் கால்,
தொடை வரைக்கும் கால்,
நாலில் ஒன்றும் கால்.
எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை.
"திங்கக்கிழம ஸ்கூல் கேன்டீன் தொறக்கணும்,
நிக்க முடியுமில்ல?" என்றார்.
தியேட்டர் காத்திருந்தது. பேனா என் கையில் இருந்தது.
"முடியும்மா."

முழங்காலுக்குக் கீழே பதினான்கு சென்டிமீட்டரில் அறுத்ததாக
ஆபரேஷன் குறிப்பு.
விரலிலிருந்து அதுவரைக்கும்
என் கொஞ்சம்.

சிக்கல்கள்: இல்லை.
பதினான்காம் நாள் தையல் பிரித்தாயிற்று.
முப்பதாம் நாள் புண் சுத்தம்.
அட்டவணையில் இதற்கு 'நன்று' என்று போட வேண்டும்.
போட்டேன்.

கோப்பை மூடும்போதுதான் தாதியின் குறிப்பு,
மலாயில், நீல மையில்:
நோயாளி தமிழ் பேசிய மாணவியைக் கேட்கிறார்.
மறுநாள் காலை: மறுபடியும் கேட்கிறார்.
மறுநாள் மாலை: மாணவி குழந்தைகள் வார்டுக்கு
மாற்றப்பட்டது தெரிவிக்கப்பட்டது. நோயாளி அமைதி.

யார் தெரிவித்தார்கள், எந்த மொழியில்?
குறிப்பில் இல்லை.
குழந்தைகள் வார்டு இரண்டே மாடி கீழே.
லிஃப்ட் அந்த வாரம் பழுதாகவும் இல்லை.

டாக்டர் ஊய் பென்சிலால் வட்டமிட்டார்.
ஆய்வாளரே ஆய்வுக்குள் இருக்கக் கூடாது, நீக்கிவிடு.
சரிதான். விதி அதுதான்.
இருநூற்றுப் பதினொன்றை வைத்துக் கணக்குப் போட்டேன்.
புள்ளிக்கு அப்புறம் மூன்றாம் இடம்கூட அசையவில்லை.

நோயாளிகளோடு பேச எங்களுக்கு அனுமதி கிடையாது.
பேச வேண்டுமானால்
நெறிமுறைக் குழுவுக்குத் தனி விண்ணப்பம், ஏழு பக்கம்.
பாகான் டாலாம் முகவரி கோப்பில் இருக்கிறது,
ஃபெர்ரி ஏறினால் கால் மணி நேரம்,
ஆனாலும் ஏழு பக்கம்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
இந்தச் சந்திப்பால் ஆய்வுக்கு என்ன பயன்?

ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
அனுப்பியும் விட்டேன்.

குழு மாதம் ஒருமுறை,
இரண்டாம் புதன்கிழமை கூடும்.
நேற்றுத்தான் கூடிக் கலைந்திருக்கிறது.